எதிர்ச்சுற்று

தம்பார் தோட்டத்தில் ஜானு மாமியும் வஜீஹாவும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது ஒரு பூவை வைத்து. அது நடந்து பதினோரு வருடம் இருக்கும். நடைபாதை ஓரம் உதிர்ந்து கிடந்த வெள்ளைப் பூக்களை மாமி முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வழியாக வந்த வஜீஹாவைப் பார்த்து, "பன்னீர்ப்பூ என்னமா மணக்கறது பாருங்கோ" என்றாள். வஜீஹா அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சர். தப்பைக் கேட்டுவிட்டுத் திருத்தாமல் போகத் தெரியாதவள்.

"இது மரமல்லிங்க. பன்னீர் வேற. இந்தத் தோட்டத்துலயே பன்னீர் ஒரே ஒரு மரம்தான், குளத்துக்கு அந்தப் பக்கம். வாங்க, காட்டறேன்."

அன்றைக்கு அந்த மரத்தைக் காட்டப் போனவள், மறுநாளும் மாமியோடு நடந்தாள். அதற்கு மறுநாளும்.

இருநூறு வருடத்துக்கு முன் டன்பார் என்ற வெள்ளைக்கார வியாபாரி அடையாற்றங்கரையில் வளைத்துப்போட்ட நிலம் அது. அவன் பெயர் ஊர் வாயில் தம்பார் ஆகிவிட்டது. அவனுக்குப் பிறகு ஒரு ஜமீன்தார் வைத்திருந்தார். ஜமீன் போன பிறகு ஒரு டிரஸ்ட். பங்களாவின் மேல்தளம் எப்போதோ இடிந்து, தூண்கள் மட்டும் ஆலவிழுதுகளுக்கு நடுவே நிற்கின்றன. வாசலில் சுண்ணாம்புச் சிங்கங்கள் இரண்டு. ஒன்றுக்கு மூக்கு இல்லை. மற்றதெல்லாம் காடு. வீரை, வெப்பாலை, காட்டு எலுமிச்சை, நடுநடுவே துரை கொண்டுவந்து நட்ட மகாகனிகள். காலையில் ஆறிலிருந்து எட்டு மணி வரை பாஸ் வைத்திருப்பவர்களை உள்ளே விடுவார்கள். சிங்க வாசலில் தொடங்கி, மகாகனிச் சாலை வழியாகக் காட்டுக்குள் நுழைந்து, ஆற்றோரமாக வளைந்து, இடிந்த சங்கீத மண்டபம், தாமரைக்குளம், மூங்கில் புதர் எல்லாம் தாண்டி மறுபடி சிங்க வாசலுக்கே வந்து சேரும் செம்மண் பாதை. ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர். தினம் இரண்டு சுற்று நடப்பார்கள்.

எல்லோரும் ஒரே திசையில்தான் நடப்பார்கள். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. "பிரதட்சிணமா சுத்தினாத்தான் உடம்புல ஒட்டும்" என்பாள் மாமி. வஜீஹா ஒருநாள் சிரித்துக்கொண்டே, "நாங்க கஅபாவை இதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் சுத்துவோம் மாமி" என்று சொல்ல, "அதை ஹஜ்ஜுக்குப் போறச்சே பாத்துக்கோ, இப்ப என்னோட வா" என்று மாமி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள்.

மாமி அவளை 'வஜீ' என்பாள், 'நீ' என்பாள். வஜீஹாவுக்கு அவள் எப்போதும் 'மாமி', 'நீங்க'. ஏழு வயது வித்தியாசம் இருக்கிறது, அதனால்தான் என்று வஜீஹா நினைத்திருந்தாள்.

பதினோரு வருடத்தில் என்னென்னவோ பேசியிருந்தார்கள். சிகாகோவில் இருக்கும் மகள் விவாகரத்து வாங்கியதை மாமி கூடப்பிறந்த தங்கைக்குச் சொல்வதற்கு முன்பே வஜீஹாவிடம் சொன்னாள். மூங்கில் புதர் ஓரம் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். வஜீஹாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டபோது, மயிலாப்பூரில் கடை கடையாய் ஏறி இறங்கித் தைலம் வாங்கிவந்து கொடுத்தாள். மாமியின் கணவர் தவறிய அன்று வஜீஹா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஓடினாள். அவர்கள் அடுக்ககத்தின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், எல்லாம் முடியும்வரை மூன்று மணி நேரம் நின்றாள். மேலே வா என்று யாரும் சொல்லவில்லை. சாவு வீட்டில் யாருக்கு யார் நினைவு இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மந்தைவெளியில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வஜீஹாவின் வீடு. மாமியின் அடுக்ககத்திலிருந்து பத்து நிமிட நடை. கணவர் இனாயத் ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் இரண்டே அறை. அதனால் மகன் ஃபராஸ் கல்யாணம் ஆனதும் வேளச்சேரிக்குக் குடிபோனான். தரமணியில் சாஃப்ட்வேர் வேலை. மனைவி சாய்மா, மூன்று வயது மகள் ஆயத்.

அந்த டிசம்பர் மழையில் வேளச்சேரி மூழ்கியது. ஃபராஸ் குடியிருந்தது தரைத்தளம். குளிர்சாதனப்பெட்டி மிதந்தது, கட்டில் மிதந்தது, ஆயத்தின் பொம்மைகள் எல்லாம் சாக்கடையோடு கலந்து மிதந்தன. படகு வைத்து மூவரையும் மீட்டு வந்தார்கள். வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். ஆனால் சாய்மாவுக்கு அந்த வீட்டில் தூக்கம் வரவில்லை. மழை தூறினாலே எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஜனவரி முழுவதும் ஃபராஸ் வீடு தேடினான். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று எங்கு கேட்டாலும் முதலில் எல்லாம் சரியாகவே போகும். பெயரைச் சொன்னதும் தரகரின் குரல் இறங்கும். "சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது, ஓனர் கொஞ்சம் அப்படி" என்பான் ஒருவன். "வெஜிடேரியனுக்குத்தான் குடுக்கறாங்க" என்பான் இன்னொருவன். "நாங்க வீட்டுல கறி சமைக்க மாட்டோம்னு எழுதித் தரேன்" என்றுகூட ஃபராஸ் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அதை அம்மாவிடம் சொன்னபோது சிரித்தான். வஜீஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் நடையில் மாமி சொன்னாள்: "எங்க பில்டிங்ல செகண்ட் ஃப்ளோர் காலியாக் கிடக்குடி. பரத்வாஜோட வீடு. அவன் நியூஜெர்சியில இருக்கான். நல்ல மனுஷாளா பாத்துச் சொல்லுங்கோன்னு என் பிராணனை வாங்கறான். நான் செகரட்டரியானது ஒரு குத்தமாப் போச்சு."

வஜீஹா நடையை நிறுத்திவிட்டாள். "மாமி, நம்ம ஃபராஸுக்குக் கேளுங்களேன்."

மாமியும் நின்றாள். சங்கீத மண்டபத்தின் படியில் ஒரு கீரிப்பிள்ளை ஓடியது, அதைப் பார்த்துக்கொண்டு, "ஃபராஸுக்கா?" என்றாள். பிறகு, "கேக்கறேன், கேக்கறேன். அவன் மனசுல என்ன வெச்சிண்டிருக்கானோ" என்று சொல்லி, நடையை வேகமாக்கினாள்.

நாலு நாள் கழித்து, பரத்வாஜ் யாரோ சொந்தக்காரருக்குப் பேசி வைத்திருக்கிறானாம் என்றாள். "எனக்கே சங்கடமாப் போச்சு வஜீ" என்றாள். வஜீஹாதான் அவளைத் தேற்றினாள்.

ஆனால் அதே வீடு வாடகைக்கு என்று செல்போன் செயலியில் விளம்பரம் வந்தது. அது மாமியின் அடுக்ககம் என்று தெரியாமலேயே ஃபராஸ் நேராகப் பரத்வாஜுக்கு எழுதினான். பரத்வாஜ் நன்றாகப் பேசினான். "சாப்பாடெல்லாம் உங்க இஷ்டம் பாஸ், வீட்டை வீடா வச்சிருந்தாப் போதும்" என்றான். ஒப்பந்தத்துக்கு நாள் குறித்தார்கள். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டு, முடியாது என்றான். ஏன் என்று ஃபராஸ் விடாமல் கேட்டிருக்கிறான். தன்மேல் பழி வரக்கூடாது என்றோ என்னவோ, தனக்கு வந்த குரல் செய்தி ஒன்றை அப்படியே அனுப்பி வைத்தான் பரத்வாஜ்.

ஃபராஸ் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வேறு ஆள் கிடைத்துவிட்டதாம் என்று முடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மூவரும் மந்தைவெளிக்குச் சாப்பிட வந்தார்கள். அடுப்படியில் நின்று வஜீஹா, "ஜானு மாமிகிட்ட இன்னும் ரெண்டு இடத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன். அவங்களும் பாவம், நமக்காக எவ்வளவு அலையறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். சாய்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மி, போதும்" என்றாள் மாமியாரிடம். கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். "இதைக் கேட்டுட்டு அப்புறம் அவங்களைப் பத்திப் பேசுங்க."

மாமியின் குரல். தினம் காலையில் கேட்கும் அதே குரல்.

"பரத்வாஜ், நான் ஜானு மாமி பேசறேன்டா. ஃபராஸ்னு ஒரு பையனுக்கு வீட்டைக் கொடுக்கறேன்னு சொன்னியாமே. அவாளை எனக்கு நன்னாத் தெரியும். தங்கமான மனுஷா, நான் இல்லேங்கலை. அந்தப் பையனோட அம்மா தெனம் என்னோடதான் வாக்கிங் வரா. ஆனா வாக்கிங் போறது வேற, ஒரே பில்டிங்ல இருக்கறது வேற இல்லையோ? இன்னிக்கு மூணு பேர்னு வருவா, ஒரு பண்டிகைன்னா முப்பது பேர் வந்து நிப்பா. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல பெரியவா மடியா இருக்கா. உனக்கென்ன, நீ அமெரிக்காவுல உக்காண்டிருக்கே. இங்க இருக்கறவா நாங்கன்னா? வேற யாரையாவது பாரு. நான் சொன்னேன்னு மட்டும் அவாகிட்ட சொல்லிடாதே, கேட்டியா? தெனம் கார்த்தால எழுந்து நான் அவ மூஞ்சியில முழிக்கணும்."

வஜீஹா இன்னொரு முறை போடச் சொன்னாள். இரண்டாவது முறை கேட்டு முடித்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு, "சோறு குழைஞ்சிடும், எல்லாரையும் உக்காரச் சொல்லு" என்றாள். பரிமாறும்போது ஃபராஸ் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு சாய்மாவைப் பார்த்தான். 

மறுநாள் காலை அவள் வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலை நேரில் ஒருமுறை கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. மாமி சிங்கத்தின் அருகே காத்திருந்தாள். காலில் புது ஷூ. மகள் அனுப்பியதாம். மகாகனிச் சாலை முழுக்க ஷூவைப் பற்றியே பேசினாள். ஆற்றோரம் வந்ததும், "ஃபராஸுக்கு இடம் ஏதாவது திகைஞ்சுதா?" என்று கேட்டாள். குரலில் அத்தனை அக்கறை.

"இல்ல மாமி. உங்க செகண்ட் ஃப்ளோருக்கு அந்தச் சொந்தக்காரங்க வந்துட்டாங்களா?"

"வரப்போறா, வரப்போறா. அடுத்த வாரம் பால் காய்ச்சறா."

பொய் சொல்லும்போது மாமியின் மூச்சுகூட மாறவில்லை. வஜீஹா இரண்டு சுற்றும் அவளோடு நடந்தாள். வீட்டுக்கு வந்து, காலில் இருந்ததைக்கூடக் கழற்றாமல், தண்ணீர்த் தொட்டி ஓரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோபம் மாமியின் மேல் மட்டுமென்றால் தாங்கியிருப்பாள். பதினோரு வருடத்தில் மாமி தன் வீட்டுப் படி ஏறியதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் மாமி வீட்டுக்குப் போனது இரண்டு தடவை. இரண்டு தடவையும் பால்கனியில் நாற்காலி போட்டார்கள், "காத்து நன்னா வரும்" என்று சொல்லி. பெருநாளுக்கு மாமிக்கு ஆப்பிளும் பேரீச்சையும் மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துவைத்திருந்தாள். கோடு எங்கே என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, கால் படாமல் நடந்துவிட்டு, கோடே இல்லை என்று நம்பியிருந்தாள்.

அடுத்த நாள் மாமி சிங்க வாசலில் கையசைத்தபோது, வஜீஹா தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி மூங்கில் புதர் வழியாக நடக்க ஆரம்பித்தாள்.

வட்டப் பாதையில் எதிர் எதிரே நடந்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை அவள் யோசிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சந்தித்தே ஆக வேண்டும். ஆற்றோர வளைவில் மாமி எதிரே வந்தாள்.

"என்னடி ஆச்சு? கூப்பிடறேன், காதுல விழலியா?"

வஜீஹா விலகி நடந்தாள். இரண்டாவது சுற்றில் மறுபடியும் அதே வளைவு. இந்தத் தடவை மாமி பேசவில்லை. மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற சண்முகசுந்தரம் மட்டும், "மேடம், ராங் ரூட்ல போறீங்க" என்று தமாஷாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மாமி ஆற்றோரம் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லிட்டாவது போ."

வஜீஹா செல்போனை எடுத்து, சாய்மாவிடம் கேட்டு வாங்கியிருந்த குரல் செய்தியைப் போட்டுக் காட்டினாள். 'தெனம் என்னோடதான் வாக்கிங் வரா' என்ற இடத்தில் மாமி, "நிறுத்து" என்றாள். வஜீஹா நிறுத்தவில்லை. முழுவதும் ஓடி முடிந்தது. பின்னால் வந்த இரண்டு பெண்கள் என்னவோ ஏதோ என்று பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள்.

மாமியின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. "அந்தப் பரத்வாஜ் இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கலை" என்றாள்.

"அவன் பண்ணதா மாமி உங்களுக்குப் பெருசாத் தெரியுது?"

"வஜீ, நீ புரிஞ்சிக்கணும். பன்னெண்டு ஃப்ளாட். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றா. நான் ஒருத்தி நடுவுல கிடந்து என்ன பண்ணுவேன், சொல்லு?"

"பன்னெண்டு பேர் குரல் இதுல இல்லையே. உங்க குரல்தானே இருக்கு."

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா? தங்கமான மனுஷான்னுதானே சொன்னேன்!"

அதைச் சொல்லும்போது மாமியின் கண்களில் உண்மையான ஆற்றாமை இருந்தது. தான் நல்லதுதானே சொன்னோம், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாதா என்கிற ஆற்றாமை. அதைப் பார்த்ததும் வஜீஹா செல்போனைப் பைக்குள் போட்டாள். இத்தனை வருடம் யாரோடு நடந்தோம் என்றிருந்தது. மாமியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகும் இருவரும் தோட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. யார் முதலில் நிற்பது என்று ஒரு பிடிவாதம். ஒருத்தி இப்படி, ஒருத்தி அப்படி. எதிர்ப்படும்போது மாமி ஆற்றைப் பார்ப்பாள், வஜீஹா மரங்களைப் பார்ப்பாள். பங்குனி பிறந்தபோது மாமிக்கு ஒரு புதுத் துணை கிடைத்திருந்தது. கைப்பேசியில் அடி எண்ணிக்கொண்டு நடக்கும் ஒரு சின்ன வயதுப் பெண். ஒருநாள் குளத்தோரம் கடக்கும்போது மாமியின் குரல் கேட்டது: "இது பன்னீர். அதோ அங்க இருக்கறது மரமல்லி. எல்லாரும் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிண்டுடுவா."  வஜீஹாவுக்கு, தன் பூட்டாத வீட்டிலிருந்து யாரோ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

தோட்டத்தில் சருகு கூட்டும் சுப்பம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒருகாலத்தில் தோட்டத்து மதிலுக்குப் பின்னால், ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவள். குடிசைகளை எடுத்தபோது அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள்.

"இன்னா டீச்சரம்மா, நீ இப்டிக்கா போய்க்கினு கீற, மாமி அப்டிக்கா வந்துகினு கீது. சண்டையா?" என்று ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்த வஜீஹா, கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மகனுக்கு வீடு கிடைக்கவில்லை, கிடைத்ததையும் மாமி கெடுத்துவிட்டாள், இத்தனை வருடம் கூட நடந்தவள். சுப்பம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தாள்.

"ஊடு குட்க்கலையா? எங்களுக்கு குட்த்தாங்கம்மா. ஆறாவது மாடி. கேக்காமயே குட்த்தாங்க."

சுப்பம்மா துடைப்பத்தைக் கல்லில் சாய்த்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. ஆத்தாண்ட இருந்திச்சே ஒரு சின்ன கேட்டு, அத்த சாத்தணும்னு வாக்கிங் வர்றவங்கல்லாம் கையெய்த்து போட்டு குட்த்தீங்களே. மாமி போட்டிச்சு, நீயும் போட்ட. என் பொண்ணு அன்புச்செல்வி அப்ப நெறமாசம். ஆஸ்பத்திரிக்குப் போவ அந்த கேட்டுதான் கிட்ட வயி. சாத்துன பின்னால சேத்துல சுத்திகினு நடந்து போச்சு."

"எனக்கு ஞாபகம் இல்லையே சுப்பம்மா" என்றாள் வஜீஹா.

"எனக்குக் கீது" என்றாள் சுப்பம்மா. கோபமாகச் சொல்லவில்லை. சருகைக் கூட்டிக் குவிப்பதில் மறுபடி முனைந்துவிட்டாள்.

வஜீஹாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மாமி இதே பாதையில் காகிதத்தை நீட்டினாள். 'கண்ட கண்டதுகளெல்லாம் உள்ள வரதுகள்' என்றாள். சுள்ளி பொறுக்க வருபவர்களால் காட்டு மரக்கன்றுகள் அழிகின்றன என்று ஒரு டீச்சருக்கே உரிய காரணம் வஜீஹாவிடமும் இருந்தது. மாமியின் பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டாள். இப்போது அதை நினைத்ததும் அவள் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அது இன்னும் கசந்துபோய், எந்தப் பக்கம் திருப்பினாலும் தன்னையும் குத்துவதாக ஆகிவிட்டது. அதற்கப்புறம் சுப்பம்மா கூட்டும் இடத்தைக் கடக்கும்போதும் அவள் மரங்களையே பார்த்தாள்.

ஏப்ரலில் ஃபராஸ் தாழம்பூர்ப் பக்கம் குடிபோனான். புதிதாகக் கட்டிய அடுக்ககம், யாரும் பெயர் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே அக்கம்பக்கத்தில் ஆட்களும் இல்லை. மந்தைவெளியிலிருந்து அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் மாதம் ஒருமுறை வந்தார்கள். சாய்மா மறுபடி உண்டாகியிருந்தாள். அவளைப் பார்க்கும் டாக்டர் ராயப்பேட்டையில்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை, வஜீஹாவின் வீட்டு வாசலில் ஜானு மாமி வந்து நின்றாள். கையில் ஒரு பழப்பை. சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் வழி கேட்டு வந்திருக்கிறாள். இனாயத்துக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வாசலுக்கு வந்தவரை உட்காரச் சொல்லாமல் இருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. "வாங்கம்மா, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவரே உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

மாமி கோப்பையை வாங்கி, ஒருகணம் அதைப் பார்த்தாள். பிறகு உதட்டில் வைத்துக் குடித்தாள். குடிப்பதை வஜீஹா பார்க்கிறாளா என்று ஒருமுறை நிமிர்ந்தும் பார்த்தாள்.

"அந்த வீடு மறுபடி காலியாயிடுத்து வஜீ. இருந்தவருக்கு மாத்தலாயிடுத்து. நான் மீட்டிங்ல எழுந்து நின்னு பேசினேன். ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். பன்னெண்டு பேர்ல எட்டு பேர் சரின்னுட்டா. பரத்வாஜுக்கும் சொல்லிட்டேன். ஃபராஸை வரச் சொல்லு."

இனாயத் வஜீஹாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"ஃபராஸ் அங்க நல்லா செட்டில் ஆயிட்டான் மாமி" என்றாள் வஜீஹா.

"ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"கேக்கத் தேவையில்ல. வேணாம்னு சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் போதுமா இருந்துச்சு. ஏழு மாசம் கழிச்சு எட்டு பேரோட சம்மதத்தைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. ஓட்டு வாங்கி ஜெயிச்சு என் பிள்ளை ஒரு இடத்துல குடி இருக்க வேணாம்."

மாமியின் கண் நிறைந்துவிட்டது. "நான் இன்னும் என்னதான் பண்ணணும்ங்கறே?"

"ஒண்ணும் பண்ண வேணாம். டீ ஆறிடும், குடிங்க."

மாமி குடித்து முடித்தாள். சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இப்போது அவளுக்கும் முழங்கால் வலி போல, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து மூன்று படிகள் இறங்கினாள். இனாயத் பின்னாலேயே போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். வஜீஹா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அன்று மாலை முழுவதும், வெகுநாளாக இல்லாத ஒரு நிம்மதி அவளுக்கு இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதி. அது இரண்டு நாள் நீடித்தது.

செவ்வாய்க்கிழமை ஃபராஸ் கூப்பிட்டான். அப்பாவிடம் பேசியிருக்கிறான்.

"அம்மி, வீடு தரேன்னு வந்தாங்களாமே."

"வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன் பேட்டா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"அந்தப் பொம்பளை பேசின பேச்சுக்கு அங்க போயி நீ..."

"எனக்குத் தெரியும் அம்மி, என்ன பேசினாங்கன்னு. முதல்ல கேட்டதே நான்தானே. ஒவ்வொரு செக்கப்புக்கும் சாய்மா ரெண்டு மணி நேரம் வண்டியில உக்காந்து வரா. இடுப்பு விட்டுப் போகுதுன்னு அழறா. ராத்திரி திடீர்னு வலி எடுத்தா அங்கேருந்து நான் எங்க தூக்கிட்டு ஓடறது? அவங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு நான் யோசிக்கல. டாக்டர் வீட்டுலேருந்து பத்து நிமிஷம், உங்க வீட்டுலேருந்து பத்து நிமிஷம், அதைத்தான் யோசிச்சேன்."

"மானம்னு ஒண்ணு இல்லையா ஃபராஸ்?"

"வீடு தேடினது நான் அம்மி. முப்பது வீட்டு வாசல்ல நின்னது நான். மானத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க." அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். "அவங்க உங்க ஃப்ரெண்ட். அது உங்க கோபம். வீடு எங்களுக்குத்தானே கேட்டோம்?"

 நாளைக்கே மாமியிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அது முடியாது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது போல.  அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் ஏதோ பாட்டு ஓடியது, ஒரு குழந்தைக் குரல் கூடவே கத்திப் பாடியது.

"ஆயத் கிட்ட குடு" என்றாள் வஜீஹா.

"தூங்கிட்டா அம்மி" என்றான் ஃபராஸ்.

மணி ஏழுகூட ஆகவில்லை. சரி என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.